இடைவேளைக்குப் பின் உட்கார்ந்த யானை

சினிமா பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் கருத்துக் கேட்பது வீண் வேலை. எல்லோரிடமும் ஒரே கருத்துதான் இருக்கிறது: "ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் இழுவை." எந்த மொழிப் படத்துக்கும் இது பொருந்தும். படத்தைப் பார்க்காதவர்கூடத் துணிந்து சொல்லலாம், மாட்டிக்கொள்ள மாட்டார்.

இந்தக் கூட்டத்தில் எதிர்த்திசையில் நடந்தவர் பல்செட்டுக்காரர் ஒருவர்தான். "முதல் பாதி வெறும் கத்தல். ரெண்டாம் பாதி இருக்கு பாருங்க, அடடா! அங்கதான் படமே ஆரம்பிக்குது" என்பார். சொல்லும்போது அவர் கண்கள் பாதி மூடிக்கொள்ளும். அதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் பாதி முழுவதையும் அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்திருந்தார்.

தூங்கிவிடுவார். அவ்வளவுதான் விஷயம். அவருக்கு மட்டும் அது தெரியாது.

பல்செட்டுக்காரர் என்றால் பல் டாக்டர் இல்லை. டாக்டர் வாயைத் திறக்கச் சொல்பவர். இவர் வாய்க்குச் சொந்தக்காரரைப் பார்க்காமலே பல் செய்பவர். கிளினிக்குக்குப் பின்னால், ஜெனரேட்டரை ஒட்டி, ஜன்னல் வைக்க மறந்துபோன ஓர் அறை. முன்பக்கத்திலிருந்து யாரோ கடித்துக் கொடுத்த அச்சு வரும். அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினால், முன்பின் தெரியாத ஒருவருடைய ஈறு வெள்ளை வெளேரென்று மேஜைமேல் வந்து உட்காரும். ரோஸ் நிற மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, வேகவைத்து, கடைசியில் மோட்டாரில் காட்டித் தேய்க்க வேண்டும். அந்த மோட்டார் காலையில் "ஙொய்ய்" என்று ஆரம்பித்தால் சாயங்காலம்வரை அதே ராகம்தான். அந்தச் சத்தத்துக்குள் அவர் சுகமாக இருப்பார். சத்தம் நின்றால்தான் திடுக்கிட்டுத் தலையைத் தூக்குவார்.

தியேட்டரிலும் இதேதான் நடந்தது. ஞாயிறு காலைக் காட்சி. முதல் பாதியில் அவரைப்போல் விழிப்பான ரசிகர் கிடையாது. கதாநாயகனின் சட்டைப் பொத்தான் ஒரு ஷாட்டில் மாறினால்கூடப் பக்கத்து சீட்டு மனைவியை இடிப்பார். இடைவேளை முடிந்து விளக்கு அணையும். பாப்கார்ன் கொஞ்சம் உள்ளே போகும். திரையில் வெட்டு, குத்து, முழக்கம் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். இப்போதைய படங்களில் இடைவேளைக்குப் பிறகு யாரும் சாதாரணமாகப் பேசுவதில்லையே. நமக்குக் காது கிழியும். அவருக்கோ அது மோட்டார் சத்தம். வேலைமேஜையில் இருப்பதுபோலவே முதுகை நிமிர்த்தி, குறட்டை கிறட்டை எதுவும் இல்லாமல், கண்ணாடிக்குப் பின்னால் இமையை இறக்குவார். மனைவி மெல்லக் கையை நீட்டி அவர் மடியிலிருந்த பாப்கார்னை எடுத்துக்கொள்வாள். கடைசியில் பெயர்கள் ஓடி, ஜனம் எழுந்து, சீட்டுகள் படபடவென்று மடங்கும்போது கண் திறக்கும்.

"முடிஞ்சிருச்சா! நேரம் போனதே தெரியல" என்பார்.

பொய்யில்லை.

கனவு எந்த இடத்தில் ஆரம்பித்தது என்று அவருக்குத் தெரியாமல் போனதிலும் நியாயம் உண்டு. வசனமும் பாட்டும் காது வழியாக உள்ளே போய்க்கொண்டேதான் இருந்தன. அதனால் கனவிலும் கதாநாயகனுக்கு அதே பெயர், அதே ஊர். மழைகூடச் சரியான இடத்தில்தான் பெய்யும். நடப்பது மட்டும் வேறு.

ஒரு படத்தில் கோடாலியோடு வந்த கதாநாயகன் இடைவேளைக்குள் ஒரு சந்தையையே வெட்டிச் சாய்த்திருந்தான். மற்றவர்கள் பார்த்த இரண்டாம் பாதியில் அவன் அடுத்த சந்தைக்குப் போனான். பல்செட்டுக்காரர் பார்த்ததில், அவன் ரத்தச் சட்டையைக் கழுவத் தண்ணீர் தேடி வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினான். திறந்ததெல்லாம் அவன் வெட்டிய ஆட்களின் பெண்டாட்டிகள். ஒருத்தியும் ஒன்றும் கேட்கவில்லை. ஆளுக்கொரு வாளித் தண்ணீர் கொடுத்தார்கள். கழுவக் கழுவத் தெருவெல்லாம் தண்ணீராகி, வீடுகள் லேசாக மிதக்க ஆரம்பித்தன. கடைசி வீட்டுக்காரி ஜன்னல் வழியாக ஊசியும் நூலும் நீட்டி, "பொத்தான் போயிருக்கு, நீயே தைச்சுக்க" என்றாள். அவன் மிதக்கிற வாசல்படியில் உட்கார்ந்து தைத்தான். படம் முடிந்தது.

இப்படித்தான் எல்லாமே. விமானத்தின் இறக்கையில் தொங்கிய ஒற்றன், இடைவேளைக்குப் பின் பல் டாக்டரின் வராந்தாவில் எதிரி நாட்டு ஒற்றனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே கடைவாய்ப் பல்லில் வலி. யார் முதலில் உள்ளே போவது என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். வராந்தா நீண்டு நீண்டு கடற்கரை ஆகிவிட்டது.

அவர் தூங்குகிறார் என்று மனைவிக்குத் தெரியும். கல்யாணமான புதிதிலேயே தெரியும். முதல் படத்தன்று அவர் கண் அயர்ந்ததைப் பார்த்து, "பாவம், அசதி" என்று விட்டுவிட்டாள். வீட்டுக்கு நடந்து வரும்போது அவராகவே இரண்டாம் பாதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். திருத்தத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் கதையில், கோபித்துக்கொண்டு பிரிந்த காதலி ஒரு கப்பல் அளவுக் குடையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தாள். குடை எப்படித் தெருவுக்குள் நுழையும் என்று கேட்கவேண்டியிருந்தது. கேட்டாள். அவர் சொன்னார். அன்று மூடிய வாய், பிறகு திருத்துவதற்காகத் திறக்கவில்லை.

அவள் சட்டைக் கம்பெனியில் காலர் பிரிவில் இருந்தாள். காலையிலிருந்து சாயங்காலம்வரை காலர். கைக்கு வேறொருத்தி, பைக்கு வேறொருத்தி. பேசினால் சூப்பர்வைசர் வந்து நிற்பார். பேசாவிட்டால் மிஷின் பேசும். வாரத்தில் ஆறு நாள் அவளிடம் யாரும் ஒரு முழு வாக்கியம் சொன்னதில்லை, "அக்கா நூல் தீர்ந்துடுச்சு" என்பதைத் தவிர. ஏழாவது நாள்தான் தியேட்டரிலிருந்து வீட்டுக்கு நடக்கிற அந்த வழி. பஸ் இருந்தது. ஏறமாட்டாள். மேம்பாலத்து நிழல், ஞாயிறு அடைத்துக் கிடக்கும் டயர் கடைகள், யாரும் குளிக்காத வாய்க்கால், இதையெல்லாம் தாண்டி அவர் சொல்லிக்கொண்டே வருவார். திரையில் ஓடிய இரண்டாம் பாதியை அவள் விழித்திருந்து பார்த்ததே, அதிலிருந்து இவர் எவ்வளவு தூரம் தள்ளிப் போயிருக்கிறார் என்று ருசித்துக் கேட்பதற்குத்தான். வாரம் முழுக்க அவள் காத்துக்கொண்டிருந்தது படத்துக்கு அல்ல.

வெளியே ஏன் யாரும் அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கவில்லை என்று கேட்கலாம். பிடிப்பதற்குச் சாட்சி வேண்டுமே! இடைவேளைக்குப் பிறகு தியேட்டரில் பாதிப் பேர் கைபேசியைப் பார்க்கிறார்கள். மீதிப் பேர் வண்டியைக் கூட்டத்துக்கு முன்னால் எப்படி எடுப்பது என்ற யோசனையில் இருக்கிறார்கள். படத்தை முழுதாகப் பார்த்த ஒன்றிரண்டு பேரும், "இவர் ஏதோ உள்ளர்த்தம் சொல்கிறார், நமக்குத்தான் பிடிபடவில்லை" என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். விமர்சகர்களுக்கு இந்தச் சலுகை எப்போதும் உண்டு.

இந்த நேரத்தில்தான் ஒரு ராஜா படம் வந்தது. நாலைந்து மொழிகளில், இரண்டு பாகங்களாக, ஏகப்பட்ட யானைகளோடு. திங்கட்கிழமை காலை வேலையறையில் விமர்சனம் நடந்தது. கேட்டவர் மாவுக்காரர். அச்சுகளில் மாவு ஊற்றுவதால் அந்தப் பெயர். "காசு குடுத்து யாரு காதைக் கிழிச்சுக்கிறது" என்று தியேட்டர் பக்கமே போகாதவர்.

"ராஜா எப்படி இருக்காரு அண்ணே?"

"ராஜா சிரிக்கிறாரு. பல்லு பாத்ரூம் டைல்ஸ் மாதிரி இருக்கு. நம்மகிட்ட இருக்குறதுலயே வெளுப்பான ஷேடு. குச்சியில பல் தேய்ச்ச காலத்துல அந்தப் பல்லு எங்கிருந்து வந்துச்சாம்?"

"வில்லன்?"

"வேற மொழிக்காரன். 'உங்கப்பாவைக் கொன்னதே நான்தான்'ங்கிறான். 'ப்பா'ன்னு சொல்றதுக்கு உதடு ஒட்டணுமா வேணாமா? நீயே சொல்லிப் பாரு."

மாவுக்காரர் கிண்ணத்தை வைத்துவிட்டு, "அப்பா, அப்பா" என்றார். ஒட்டியது.

"அவனுக்கு ஒட்டவே இல்ல. வாயைப் பொளந்துக்கிட்டே அப்பாவைக் கொல்றான். அப்புறம் அந்தத் தாடி! இப்போ எந்தப் படத்துலயும் தாடியைத் தாண்டி ஒரு வாய் தெரியுதா? எல்லாருக்கும் ஒரே தாடி, ஒரே முறைப்பு. தாடியை மட்டும் நடிக்கச் சொல்லிட்டு ஆளுங்க வீட்டுக்குப் போயிடலாம்."

"அப்போ படம் குப்பைன்னு சொல்லுங்க."

"யாரு சொன்னா? முதல் பாதியைத்தான் சொல்றேன்." பல்செட்டுக்காரர் மோட்டாரை நிறுத்தினார். அவர் குரல் இறங்கியது. "போர் ஆரம்பிக்கணும்ல. ரெண்டு பக்கமும் படை நிக்குது. ஒரே பனி. முரசு அடிக்கிறாங்க. பட்டத்து யானை நடுவுல வருது. வந்து..."

"வந்து?"

"உட்கார்ந்துருச்சு."

"உட்கார்ந்துருச்சா!"

"உட்கார்ந்துருச்சு. என்ன பண்ணாலும் எழுந்திருக்க மாட்டேங்குது. சரி, அது எழுந்தப்புறம் சண்டையை வச்சுக்கலாம்னு ரெண்டு ராஜாவும் ஒத்துக்கிட்டாங்க. பனி விலகி வெயில் வந்துருச்சு. ஒருத்தன் கேடயத்தை மல்லாத்தி வச்சு அதுல தண்ணி காய வைக்கிறான். எதிரிப் படையில ஒருத்தன்கிட்ட சவரக்கத்தி இருக்கு. வரிசையா உட்கார்ந்து தாடி எடுத்துக்குறாங்க. தாடி போனதும் யாரு எந்தப் படைன்னே தெரியல. பொழுது சாயுற நேரம் யானை எழுந்துச்சு. ஒரு தடவை எல்லாரையும் சுத்திப் பார்த்துச்சு. அப்புறம் அது பாட்டுக்குக் காட்டைப் பார்த்து நடந்துச்சு. இவங்களும் அவங்கவங்க வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க."

மாவுக்காரர் அச்சில் ஊற்ற வேண்டிய மாவு கிண்ணத்திலேயே இறுகிக் கல்லாகியிருந்தது. கரண்டி வெளியே வரவில்லை.

அவர் இதை டீக்கடையில் சொல்ல, டீக்கடை பல்செட்டுக்காரரின் மச்சினனிடம் சொன்னது. மச்சினன், மனைவியின் தம்பி, கைபேசிகளுக்குக் கண்ணாடி ஒட்டும் கடை வைத்திருந்தான். கூடவே வீடியோ சேனல் ஒன்றும் வைத்திருந்தான். தியேட்டர் வாசலில் ஜனங்களைப் பிடித்துக் கருத்துக் கேட்பது அதன் தொழில். எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னதால் சேனல் ஈயோட்டிக்கொண்டிருந்தது. அன்றே வந்து நின்றான்.

"மாமா, அந்த யானை மேட்டரை அப்படியே கேமரா முன்னாடி சொல்லுங்க."

"நீயும்தான் படம் பார்த்தியே மாப்ள."

"பார்த்தேன். யானை உட்கார்ந்தப்போ நான் கமெண்டுக்குப் பதில் போட்டுக்கிட்டு இருந்திருப்பேன் மாமா."

சொன்னார். மச்சினன் அதைச் சேனலில் ஏற்றினான். அடுத்த நாள் தியேட்டர் கவுண்டரில், "யானை உட்கார்ற ஷோ எது?" என்று கேட்டு ஆட்கள் வந்தார்கள். அந்தக் காட்சியை வெட்டிவிட்டார்கள் என்று ஒரு சாரார் கொதித்தார்கள். யானை என்பது மக்கள் சக்தியின் குறியீடு என்று படித்தவர் ஒருவர் நீளமாக விளக்கினார். "இந்தப் படம் எங்க ஓடுது, எங்க ஊருக்கு வருமா?" என்று கமெண்டில் ஒரு பெண்மணி கேட்டிருந்தார். அதற்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "நான் பின்சீட்டுல இருந்தேன். சார் இடைவேளைக்கப்புறம் நல்ல தூக்கம்."

அவ்வளவுதான். அதன் பிறகு வந்ததெல்லாம் சிரிப்பு. மச்சினன் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான்.

"மாமா, நிஜமாவே யானை உட்கார்ந்துச்சா?"

"என்னய்யா கேள்வி? கண்ணால பார்த்தேன்."

"ஊரே இல்லைங்குது."

"ஊரு போனைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. உன் மாதிரி." பல்செட்டுக்காரர் சமையலறைப் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லும்மா. என் பக்கத்துலதானே இருந்தே?"

அவள் தட்டு துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த தட்டையே இன்னொரு தடவை துடைத்தாள். உண்மையைச் சொன்னால் இந்த ஞாயிறிலிருந்து நடக்கிற வழி வெறும் வழியாகிவிடும். மேம்பாலம் மேம்பாலமாகவும் டயர் கடை டயர் கடையாகவும் இருக்கும்.

"உட்கார்ந்துச்சே" என்றாள். "நானும் பார்த்தேன். எழுந்திருக்கறப்போகூட ஒரு காலை முதல்ல நீட்டுச்சு."

அந்தக் கால் அவளாகச் சேர்த்தது. பல்செட்டுக்காரர் முகம் மலர்ந்தது. "கேட்டியா மாப்ள? காலை நீட்டுனதை நானே கவனிக்கல!"

கொஞ்ச வாரம் கழித்து அந்தப் படம் வீட்டு டிவிக்கே வந்துவிட்டது. இந்தக் காலத்தில் எந்தப் பொய்க்கும் ஆயுசு அந்த இடைவெளிதான். ஞாயிறு சாயங்காலம் மச்சினன்தான் ரிமோட்டைப் பிடித்திருந்தான். அக்காவின் சாட்சியை நம்பி ஊரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவன், ஆதாரத்தைப் படம்பிடித்துப் போடுவதற்குத் தயாராக வந்திருந்தான். டிவி சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். அதனால் பல்செட்டுக்காரருக்குத் தூக்கம் வரவில்லை.

போர்க்களம் வந்தது. பனி இல்லை. யானை வந்தது. ஓடியது. யாரோ அதன் தந்தத்தில் தீ வைத்தார்கள். ராஜா அதன்மேல் ஏறிக் குதித்து, குதித்த இடத்திலேயே கத்தினார். எரிந்துகொண்டே யானை ஒரு கோட்டைச் சுவரை உடைத்தது. கடைசிவரை அது உட்காரவே இல்லை.

"முன்னாடி போ" என்றார். மச்சினன் பின்னோக்கி ஓட்டினான். "இன்னும் முன்னாடி." யானை பின்பக்கமாக ஓடி, சுவர் தானாக எழுந்து நின்றது. அதிலும் உட்காரவில்லை.

"நின்னுக்கிட்டே இருக்கே" என்றார் பல்செட்டுக்காரர், யாரிடமும் இல்லாமல்.

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தாள். "கடையைத் திறந்து போட்டுட்டு வந்துட்டேன்" என்று அவன் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கடை திறப்பதே கிடையாது.

"நீ பார்த்தேன்னு சொன்னியே."

அவள் தம்பி விட்டுப்போன ரிமோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"நான் தூங்குனேனா?"

"ம்."

"இந்தப் படத்துல மட்டுமா?"

"எல்லாப் படத்துலயும்ங்க."

"அந்தக் கோடாலிக்காரன்? வாளி வாளியா தண்ணி குடுத்தாங்களே?"

"வாளி இல்லைங்க."

"குடை?"

"குடையும் இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவமானப்பட்ட மனிதனின் முகமாக அது இல்லை. வேறு ஏதோ ஒரு கணக்கு உதைக்கிற முகம். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு கேட்டார்:

"அப்போ அதையெல்லாம் யாரு எடுத்தது?"

அவளுக்குப் பதில் தெரியும். சொல்லியிருந்தால் ஒருவேளை அன்றே எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் அவர் அதை அத்தனை நிஜமாகக் கேட்டதில் அவளுக்கு நாக்கு எழவில்லை. பார்த்த வீட்டையெல்லாம் யாரோ ஒரே ராத்திரியில் இடித்துவிட்டதுபோல் அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு அவர் ஆயத்தமாகப் போனார். கிளினிக்கில் கிராம்புக்குப் பஞ்சமில்லை. இடைவேளையில் ஒன்றைக் கடைவாயில் அடக்கிக்கொண்டார். கண் செருகும்போதெல்லாம் கடித்தார். எரிச்சலில் கண்ணில் நீர் வழிய, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தியேட்டரில் ஓர் இரண்டாம் பாதியைப் பார்த்து முடித்தார். கதாநாயகன் பின்னணியில் கார்கள் வெடிக்க, திரும்பிப் பார்க்காமல் நடந்தான். அவன் அப்பாவும் ஒரு காலத்தில் அப்படியே நடந்ததாக ஒரு முன்கதை வந்தது. முடிவில் அவனைவிடப் பெரிய தாடியோடு ஒருவன் இருட்டிலிருந்து வந்து, மிச்சம் அடுத்த பாகத்தில் என்றான்.

வெளியே வெயில். மேம்பாலத்துக்கு அடியில் வரும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "எப்படி இருந்துச்சு?"

"முதல் பாதி பரவாயில்ல" என்றார். "ரெண்டாம் பாதி இழுவை."

ஊரே சொல்கிற வாக்கியம். அதை இந்த வாயிலிருந்து கேட்பாள் என்று நினைத்ததே இல்லை. டயர் கடைகள் டயர் கடைகளாகவே கடந்துபோயின. வாய்க்காலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. வேறொரு ஞாயிறாக இருந்தால் அவர் கதையில் யாராவது அதில் உட்கார்ந்திருப்பார்கள்.

வேலையறையிலும் விமர்சனம் நின்றுபோனது. "சொல்லுங்க அண்ணே" என்று மாவுக்காரர் கெஞ்சுவார். "படம் பார்த்தேன், முடிஞ்சுது" என்பார். மாவு ஒரு நாளும் கிண்ணத்தில் இறுகவில்லை. முன்பக்கத்து டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

சில வாரம் இப்படிப் போனது. ஒரு ஞாயிறு இடைவேளை முடிந்ததும் அவள் அவர் கையிலிருந்த கிராம்பைப் பிடுங்கினாள். "பேசாம தூங்குங்க" என்றாள் காதோரம்.

"எதுக்கு?"

"எனக்காக."

கண்ணை மூடிப் பார்த்தார். மூடிய கண்ணுக்குள் இருட்டு மட்டும் இருந்தது. ஒவ்வொரு துப்பாக்கிச் சத்தமும் துப்பாக்கிச் சத்தமாகவே கேட்டது. "வரமாட்டேங்குது" என்றார். "தூங்குறோம்னு தெரிஞ்சா எப்படித் தூங்குறது?" பின்சீட்டுக்காரர், "ஸார், படம் பார்க்க விடுங்க" என்றார், கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமல்.

அன்று வீட்டில் அவள் சட்டையை மடித்துக்கொண்டே, "நான் ஒண்ணு கேட்கவா?" என்றாள். "எனக்கு இத்தனை வருஷத்துல ஒரு படத்தோட கதையும் ஞாபகம் இல்ல. நீங்க சொன்னது மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

"அது பொய்யில்லையா?"

"நீங்க பொய்யா சொன்னீங்க?"

"எனக்குத் தெரியாதே."

"அப்புறம் என்ன?"

அடுத்த ஞாயிறு, "படத்துக்குப் போறதுல எனக்கு இனிமே என்ன இருக்கு, நீ மட்டும் போயிட்டு வாயேன்" என்றார். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். இதற்குப் பயந்துதான் தட்டைத் துடைத்தாள், யானையைக் கால் நீட்டவைத்தாள். "இன்னைக்கு ஒரு நாள் வாங்க" என்றாள். "இனிமே கூப்பிட மாட்டேன்."

போனார்கள். படத்தில் ஒரு பெரிய பணக்காரன்; அவன் பெண்ணைக் கடத்திக்கொண்டு போனார்கள்; துரத்திக்கொண்டு போன கதாநாயகன் ஒரு பாலத்தின் நடுவில் காரை நிறுத்தி, சட்டைக் கையை மடித்து, தாடியைத் தடவினான். இடைவேளை என்று எழுத்து வந்தது. விளக்கு போட்டார்கள். ஜனம் பாப்கார்னுக்கு ஓடியது.

அவள் எழுந்து அவர் கையைப் பிடித்தாள். "வாங்க."

"எங்க? எனக்குப் பாப்கார்ன் வேண்டாம்."

"வாங்கங்கிறேன்."

வாசலில் டிக்கெட் கிழிப்பவர் மறித்தார். "இந்தக் கதவு வெளியே போறதுங்க. கேன்டீன் அந்தப் பக்கம்."

"வெளியேதான் போறோம்."

"இன்னும் பாதிப் படம் இருக்கும்மா. பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாள் அவள். "அதான் போறோம்."

டிக்கெட் கிழிப்பவர் அந்தத் தொழிலில் கேட்டிராத பதில். கதவைத் திறந்துவிட்டார்.

வெயில் கண்ணில் அடித்தது. பல்செட்டுக்காரர் தெருவில் நின்று, பாதியில் எழுப்பிவிட்ட ஆள்போல் விழித்தார். ஞாயிறு நடுப்பகலில் இந்தத் தெரு இப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது. அவருக்கு அது இரண்டாம் பாதி நேரம்.

"பாலத்துல காரை நிறுத்தியிருக்கானே. மிச்சம் என்ன ஆகும்?"

"அதைத்தான் நானும் கேட்குறேன். என்ன ஆகும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்க்கலையே."

"எப்போ பார்த்தீங்க?"

அவருக்குக் கோபம் வந்தது. கொஞ்ச தூரம் முன்னால் விறுவிறுவென்று நடந்தார். பிறகு வேகம் குறைந்தது. மேம்பாலத்து நிழலில் அவள் வந்து சேர்ந்தாள். "சரி, கேளு" என்றார் எரிச்சலோடு. "கதாநாயகன் பாலத்துலருந்து குதிக்கிறான். அந்தப் பக்கம் அடியாளுங்க வர்றாங்க. எல்லாரையும் அடிக்கிறான். பொண்ணைக் காப்பாத்துறான். போதுமா?"

"உள்ள ஓடிக்கிட்டு இருக்குறதும் இதுதான். இதுக்கு நாம அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். வேற சொல்லுங்க."

"தூங்காம எப்படிம்மா வரும்?"

"வராட்டி பரவாயில்ல. நான் எங்கேயும் போகல."

அடைத்துக் கிடந்த டயர் கடையின் படியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். சாலையில் ஒரு லாரி போனது. இரண்டாவது லாரியும் போனது. அவர் கண்ணை மூடிப் பார்த்தார், உதவவில்லை, திறந்தார். பாலம் என்றால் ஒரு பாலம்தானே, எதிரிலும் ஒன்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கடத்துனவங்க வண்டியை ஓட்டுற ஆளு ஒருத்தன் இருந்தான்ல" என்றார் மெதுவாக. "ஒரே ஒரு தடவைதான் காட்டினாங்க."

"நீலச் சட்டை. கழுத்துல துண்டு."

"அவனேதான். அவனுக்கு..." நிறுத்தினார். இது கனவில் வந்ததில்லை. யாரோ எடுத்து இவருக்குக் காட்டியது இல்லை. சொன்னால் சொன்னவர் இவர்தான். சின்னப் பையன்போல் வெட்கமாக இருந்தது. "நீ சிரிப்பே."

"சிரிக்கல. சொல்லுங்க."

"அவனுக்குப் பசிக்குது" என்றார் பல்செட்டுக்காரர். "காலையிலருந்து சாப்பிடல. இவங்க யாரும் கேட்கவும் இல்ல. அதனால பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்திட்டு, பின்னாடி திரும்பி, அந்தப் பொண்ணுகிட்ட கேட்குறான்: 'பாப்பா, நீ சாப்பிட்டியா?'"

"அவ என்ன சொல்றா?"

"இரு, அவ கையைக் கட்டியிருக்காங்க, வாயையும் கட்டியிருக்காங்க. முதல்ல அவிழ்க்கணும்ல."

அவள் படியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்துகொண்டு, அவிழ்க்க ஆரம்பித்தார்.